கோழியைப் பிடித்தது எது?

எமது அயலில் வாழும் காட்டுப் பூனைகளைப் படம்பிடித்து அடையாளம் காண்பது பற்றிய ஒரு விளக்கம்

விடியற்காலையில் கோழிக்கூட்டைத் திறக்கப் போகும் வீட்டுக்காரி, கம்பிவலை ஒரு மூலையில் கிழிந்திருப்பதையும் வேலி வரைக்கும் இறகுகள் சிதறிக் கிடப்பதையும் காண்கிறார். முட்டையிடும் பருவத்தில் இருந்த இரண்டு பேடுகளைக் காணவில்லை. செய்தி அயலுக்குப் பரவுகிறது. "புலிக்குட்டியாகத்தான் இருக்கும்" என்கிறார் ஒருவர். "இல்லை, இது மரநாயின்ரை வேலை" என்கிறார் இன்னொருவர். "ராத்திரி களப்புப் பக்கம் ஏதோ உறுமிக் கேட்டது அக்கா" என்கிறான் பக்கத்து வளவுப் பொடியன். பொழுது சாய்வதற்குள் வேலிப் பொட்டிலே ஒரு சுருக்குக் கம்பி கட்டப்பட்டுவிடுகிறது.

வன்னியின் எந்தக் கிராமத்திலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஆனால் அந்தச் சுருக்கில் மறுநாள் அகப்படுவது கோழியைப் பிடித்த விலங்காகவே இருக்கும் என்று நியதியில்லை. எமது வயலில் எலியைத் தின்று நெல்லைக் காப்பாற்றும் காட்டுப் பூனையாக இருக்கலாம். அயலவரின் கன்றுக்குட்டியின் காலாகவும் இருக்கலாம். கோழியைப் பிடித்த விலங்கோ மூன்றாம் நாள் வேறு பக்கத்தால் வந்து மிச்சக் கோழியையும் கொண்டுபோய்விடும். எனவே, எது வந்தது என்று அறிவதே முதல் வேலை. அதற்குப் படம் எவ்வாறு உதவும், எமது அயலில் எத்தனை வகைக் காட்டுப் பூனைகள் உள்ளன, அவற்றை வேறுபடுத்துவது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஏன் வீட்டு வாசல் வரை வருகின்றன?

வற்றாப்பளையின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் நந்திக்கடல் களப்பு. மறுபக்கம் வயல்கள், குளங்கள், அவற்றுக்கு அப்பால் காடு. வைகாசிப் பொங்கலுக்குக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வருபவர்கள் இந்த நீரையும் நிலத்தையும் நன்கு அறிவார்கள். மீன், நண்டு, எலி, முயல், பறவை என்று பூனை இனங்களுக்கு வேண்டிய இரை யாவும் இத்தகைய இடத்தில் உண்டு.

2008, 2009ஆம் ஆண்டுகளில் எமது மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதுவரை பலருடைய வயலும் வளவும் ஆளின்றிக் கிடந்தன. இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் மாதிரிக் கிராமங்களிலும் இருப்போர் உண்டு. நாலைந்து மாரி உழாமல் கிடந்த வயல் பற்றையாகும். பற்றைக்குள் எலியும் முயலும் பன்றியும் வரும். இரை வந்த இடத்துக்குப் பூனையும் வரும். மனிதர் இல்லாத வளவு விலங்குக்குக் காடுதான். அதற்கு உறுதியும் தெரியாது, எல்லைக் கல்லும் தெரியாது. நாம் திரும்பி வந்து பற்றை வெட்டும்போது, ஏற்கெனவே குடியிருந்த ஒன்றை நாம் எழுப்புகிறோம். ஆகவேதான் முதல் சில ஆண்டுகளில் இவ்விலங்குகளைக் கூடுதலாகக் காண நேரிடுகிறது.

அம்பாள்குளத்தில் நடந்தது

2018ஆம் ஆண்டு யூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை ஒன்று குடிமனைக்குள் புகுந்தது. வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் உட்படப் பத்துப் பேரளவில் காயமடைந்தார்கள். இறுதியில் ஊர்மக்கள் அதனை அடித்துக் கொன்றார்கள். செத்த விலங்கோடு நின்று எடுத்த படங்களும் காணொளிகளும் நாடெங்கும் பரவின. அதன்பின் பொலிசார் சிலரைக் கைதுசெய்து நீதிமன்றில் முற்படுத்தினார்கள்.

பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் சிறுத்தை நிற்கும்போது எழும் பயத்தை யாரும் பழிக்க முடியாது. ஆயினும் அன்றைய நிகழ்ச்சியில் எமக்குப் பாடம் உண்டு. எப்பக்கமும் ஆட்கள் சூழ்ந்து, தப்பிப் போக வழியில்லாமற் செய்யப்பட்ட சிறுத்தை பாயும். அது அதன் சுபாவம். கிட்டப் போய்ப் படமெடுக்க நெருக்குவதும் சூழ்வதுதான். பயனுள்ள படம் இதற்கு முந்தியே எடுக்கப்படவேண்டிய படமாகும். சிறுத்தை ஒன்று ஊரின் ஓரத்தில் நடமாடுகிறது என்று காலடி முதலில் வந்த நாளிலேயே தெரிந்தால், பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல் விடலாம், ஆட்டைக் கொட்டிலில் அடைக்கலாம், உத்தியோகத்தரை முன்கூட்டியே அழைக்கலாம்.

சிறுத்தை மனிதரைத் தேடி வேட்டையாடும் விலங்கல்ல. இலங்கையில் மனிதரைத் தின்னப் பழகிய சிறுத்தை என்று பேர்போனது மட்டக்களப்பின் புணானையில் இருந்த ஒன்றுதான். அது 1924இல் சுட்டுக் கொல்லப்பட்டது. கதிர்காமப் பாதயாத்திரை போகும் எமது அடியார்கள் ஆண்டுதோறும் சிறுத்தைகள் நிறைந்த குமண, யால காடுகளுக்குள்ளால் கூட்டமாக நடந்தே போய் வருகிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

நான்கு பூனைகள்

இலங்கையில் இயற்கையாக வாழும் பூனைக் குடும்ப விலங்குகள் நான்கே. வரிப்புலி இங்கு இல்லை. எம்மவர் புலி என்று சொல்வது சிறுத்தையையே.

1. சிறுத்தை. நான்கிலும் பெரியது இதுவே. வளர்ந்த ஆண் 50 கிலோவுக்கு மேல் நிற்கும். பெண் 30 கிலோவளவு. மஞ்சள் மேனியில் உள்ள கறுப்பு அடையாளங்களை உற்றுப் பார்த்தால், அவை தனிப் புள்ளிகளாக இல்லாமல் பூவிதழ் போல வட்டமாகக் கூடியிருப்பது தெரியும். தலையிலும் காலிலும் மட்டும் தனிப் புள்ளிகள். வால் மிக நீண்டது. இலங்கைச் சிறுத்தை இத்தீவில் மட்டுமே வாழும் ஒரு துணையினம். வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளது.

2. மீன்பிடிப் பூனை. களப்பு, குளம், கண்டல், வாய்க்கால் ஆகியவற்றை அண்டி வாழ்வது. வீட்டுப் பூனையைப்போல இரண்டு மூன்று மடங்கு பருமன். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். உடலின் நீளப்பாட்டுக்கு வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள். நெற்றியிலிருந்து பிடரி நோக்கிக் கருங்கோடுகள். கால் கட்டை, உடல் திரட்சி, காது சிறியது. எமது மக்கள் "புலிக்குட்டி" என்று அடித்துவிடுவது பெரும்பாலும் இதனைத்தான். இரண்டையும் பிரித்தறிய வாலைப் பாருங்கள். சிறுத்தைக் குட்டியின் வால் நீளம். மீன்பிடிப் பூனையின் வாலோ குட்டை, உடல் நீளத்தின் பாதிக்கும் குறைவு, அடி தடித்தது. மீன், நண்டு, எலி, நீர்ப்பறவை ஆகியன இதன் உணவு. வாய்ப்புக் கிடைத்தால் கோழியும் பிடிக்கும்.

3. காட்டுப் பூனை. பழைய தமிழில் வெருகு என்ற சொல்லும் காட்டிலுள்ள பூனைக்கு உண்டு. வரண்ட வெளி, புல் தரவை, வயலோரப் பற்றை ஆகிய இடங்களை விரும்புவது. இதன் முதல் அடையாளம் புள்ளி இல்லாமையாகும். மணல் நிறமான மேனி, நெடிய கால், காது நுனியில் சிறு கறுப்பு மயிர்க்குச்சம், குட்டையான வாலின் கடைப்பகுதியில் கறுப்பு வளையங்களும் கறுப்பு நுனியும். வீட்டுப் பூனையை விட உயரமாகத் தெரியும். எலிதான் இதன் பிரதான உணவு. ஒரு காட்டுப் பூனை நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து எலி வரை தின்னும் என்று இந்தியாவின் சரிஸ்கா காட்டில் ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஆயிரத்துக்குக் குறையாத எலிகள்! நெல் விதைக்கும் கமக்காரர் இந்தக் கணக்கை ஒருமுறை மனதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

4. துருப்புள்ளிப் பூனை. உலகிலேயே மிகச் சிறிய பூனைகளில் ஒன்று. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இல்லை. வளர்ந்தது கூட ஒன்று, ஒன்றரைக் கிலோதான். எமது வீட்டுப் பூனையின் பாதி. முதுகில் இரும்புத் துரு நிறத்தில் வரிசையான புள்ளிகள், நெற்றியில் கோடுகள், பெரிய கண்கள். இரவில் நடமாடும், மரமேறும். வீட்டுப் பூனைக் குட்டியென்று நினைத்துப் பிள்ளைகள் தூக்கி வருவதும் உண்டு. அப்படிக் கொண்டு வந்தால் எடுத்த இடத்திலேயே பொழுதுபடும் வேளையில் திரும்ப விட வேண்டும். தாய் தேடி வரும்.

பெயரில் பூனை, இனத்தில் வேறு

புனுகுப் பூனை பெயரால் மட்டுமே பூனை. அதுவும் மரநாயும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. முகம் கூரியது, உடல் நீண்டது, கால் கட்டை. புனுகுப் பூனையின் நீண்ட வாலில் அடியிலிருந்து நுனி வரை வளையங்கள் இருக்கும். கோழிக்கூட்டில் நடக்கும் களவில் இவற்றுக்கும் பங்குண்டு. பட்டப்பகலில் குஞ்சு காணாமற் போனால் கீரியையோ பருந்தையோ சந்தேகிக்கலாம். ஆடு, கன்று கடிபட்டிருந்தால் காயத்தைப் பாருங்கள். சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்விக் கொல்லும். பின் இரையை மறைவான இடத்துக்கு இழுத்துச் செல்லும். பின்னங்காலிலும் வயிற்றிலும் பல இடங்களில் கிழிந்திருந்தால் அது கட்டாக்காலி நாய்களின் வேலையாக இருக்கக்கூடும். ஊர் நாய் செய்த குற்றத்துக்குச் சிறுத்தை பழி சுமப்பது புதுமையன்று.

கைத்தொலைபேசியால் செய்யக்கூடியது

காட்டுப் பூனையை நேரில் கண்டு படமெடுப்பது அரிது. அவை இரவில் திரிவன. எம்மை எமக்கு முன்னே அறிவன. ஆனால் காலடி ஓடாது. சாதாரண கைத்தொலைபேசி உள்ள எவரும் காலடியைப் படமெடுக்கலாம்.

முதலில், காலடியை மிதிக்காமல் சுற்றி நில்லுங்கள். அதன் பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டியை வையுங்கள். நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பின்னர் தடம் போகும் திசை தெரியத்தக்கதாகத் தள்ளி நின்று இன்னொரு படம். காலை வெயில் சரிவாக விழும் நேரத்தில் பள்ளம் மேடு நன்றாகத் தெரியும்; உச்சி வெயிலில் தெரியாது. நெருப்புப்பெட்டி இல்லாத படத்தில் அளவு தெரியாது. அதனைப் பார்த்து எவராலும் திடமாகச் சொல்ல முடியாது.

இனி வாசிப்பது எப்படி? பூனையின் காலடி வட்டமானது. நான்கு விரல், நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக் கொள்வதால் நக அடையாளம் இராது. நாய், நரியின் காலடி நீளவாக்கானது. நகம் முன்னால் குத்தியிருக்கும். மரநாய், கீரி ஆகியவற்றுக்கு ஐந்து விரல். இதில் ஒரு விலக்கு உண்டு. மீன்பிடிப் பூனையின் நகம் முற்றாக உள்ளே போவதில்லை. களப்புச் சேற்றில் அதன் நகமும் சற்றே தெரியலாம். அளவைப் பொறுத்தவரை, நெருப்புப்பெட்டியின் நீளத்தை விடத் தெளிவாகப் பெரிதாயின் சிறுத்தை என எண்ணலாம். ஏறத்தாழ அதே அளவாயின் மீன்பிடிப் பூனையோ காட்டுப் பூனையோ ஆகும். பாதியளவு மட்டுமே ஆயின் துருப்புள்ளிப் பூனை, அல்லது வீட்டுப் பூனை. ஒரே காலடியை வைத்துத் தீர்மானியாமல் நாலைந்தைப் படமெடுத்து ஒப்பிடுவது நல்லது.

தானே படமெடுக்கும் கமரா

ஆளில்லாமல் விலங்கைப் படமெடுக்கும் முயற்சி பழையது. அமெரிக்காவில் ஜோர்ஜ் சிராஸ் என்பவர் 1890களில் பாதையில் கயிறு கட்டி, மான் அதைத் தட்டியதும் வெளிச்சம் எழுந்து படம் பதியுமாறு செய்தார். அப்படங்கள் 1906இல் நாஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையில் வெளிவந்தன. இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த எவ். டபிள்யூ. சாம்பியன் இதே முறையில் புலிகளைப் படமெடுத்து 1927இல் ஒரு நூல் வெளியிட்டார். துப்பாக்கியோடு காட்டுக்குப் போவதே பெருமை என்றிருந்த காலத்தில் அவர் கமராவோடு போனார்.

இன்றைய தானியங்கிக் கமரா ஒரு சிறு பெட்டி. விலங்கின் உடற்சூடு அசைவதை உணரும் ஒரு பாகம் அதில் உண்டு. சூடான உடம்பு முன்னால் கடந்ததும் கமரா விழித்துக் கொள்ளும். இரவில் செந்நிறக்கீழ்க் கதிர் எனும் கண்ணுக்குத் தெரியாத ஒளியால் படம் பிடிக்கும். ஆகவே இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையாக இருக்கும். நிறத்தைக் கொண்டு அடையாளம் காண முடியாத இடத்தில் வால், கால், காது, புள்ளி ஆகியவை கைகொடுக்கும். மேலே அவற்றை அழுத்திச் சொன்னது அதனால்தான்.

இன்னொரு பயனும் உண்டு. மனிதரின் கைரேகை போல, ஒரு சிறுத்தையின் புள்ளிக் கோலம் இன்னொன்றுக்கு இராது. மீன்பிடிப் பூனைக்கும் அப்படியே. எனவே மூன்று இரவில் மூன்று படம் விழுந்தால், வந்தது மூன்று விலங்கா அல்லது ஒன்றே மூன்று முறையா என்று கண்டுகொள்ளலாம். இந்திய ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990களில் கர்நாடகத்தின் நாகரகொளைக் காட்டில் புலிகளின் வரிகளை இவ்வாறு ஒப்பிட்டுத் தொகையை மதிப்பிட்டார். இன்று இலங்கையில் சிறுத்தைகளையும் இதே முறையில்தான் எண்ணுகிறார்கள். வலப்பக்கக் கோலமும் இடப்பக்கக் கோலமும் வேறு வேறானவை என்பதால், பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கமராக்கள் வைப்பது வழக்கம்.

இக்கமரா விலை கூடியது. ஒரு குடும்பம் வாங்க வேண்டியதில்லை. கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ பங்கோ ஒன்றை வைத்திருந்து முறைக்கு இரவல் கொடுக்கலாம். வைக்கும் விதம் வருமாறு:

கோழிக்கூட்டை அல்லது வேலிப் பொட்டைப் பார்க்க, ஆறேழு அடி தள்ளி உறுதியான கதியாலிலோ மரத்திலோ கட்டுங்கள். சிறு பூனைகளுக்கு நிலத்திலிருந்து ஒரு சாண் அல்லது சற்று மேல். சிறுத்தைக்கு ஒரு முழ உயரம். கிழக்கையோ மேற்கையோ நேரே பார்க்க வைத்தால் வெயில் பட்டு வெற்றுப் படம் விழும். முன்னால் ஆடும் புல்லையும் கொப்பையும் வெட்டிவிடுங்கள். திகதியையும் நேரத்தையும் சரியாகப் போடுங்கள். மாரியில் வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே கட்டுங்கள். இறைச்சி, மீன் போட்டு விலங்கை அழைக்காதீர்கள்; இல்லாத பழக்கத்தை நாமே பழக்கியதாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

மிதிவெடி அகற்றி முடிந்தது என்று உறுதிசெய்யப்படாத இடத்தில் காலடி தேடிப் போகவே கூடாது. அபாயப் பலகை விழுந்து போயிருந்தாலும் அபாயம் போகவில்லை. படம் உயிரை விடப் பெரிதல்ல.

நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கிடத்தினுள் திணைக்கள அனுமதியின்றி நுழைந்து கமரா வைப்பது சட்டப்படி தவறாகும். உங்கள் வளவில், வயலில் வையுங்கள். கிராம அலுவலருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மரத்தில் கட்டிய இனந்தெரியாத பெட்டி எமது பிரதேசத்தில் வீண் சந்தேகத்தைக் கிளப்பும்.

கமரா விலங்கை மட்டும் எடுக்காது; போகிற வருகிற எல்லாரையும் எடுக்கும். கிணற்றடி, குளிக்கும் துறை, பெண்கள் போய்வரும் ஒழுங்கை ஆகியவற்றைப் பார்க்க வைக்கக்கூடாது. தவறி விழுந்த மனிதர் படத்தை உடனே அழித்துவிட வேண்டும். விலங்குப் படத்தையும் இடத்தின் பெயரோடு முகநூலில் போடாதீர்கள். அதைப் பார்த்து வேட்டைக்காரரும் வருவர்.

அறிந்த பின் செய்ய வேண்டியது

வந்தது மீன்பிடிப் பூனையோ மரநாயோ ஆனால், பரிகாரம் கூட்டில்தான் உண்டு. கூட்டை நிலத்திலிருந்து உயர்த்துங்கள். சிறு கண் கம்பிவலையை அடியிலும் அடியுங்கள். கதவுக்குக் கொழுக்கியோடு இரண்டாவது பூட்டும் போடுங்கள். பொழுதுபட முன் அடையுங்கள். வந்தது காட்டுப் பூனை என்றால் கூட்டைத் திருத்திவிட்டு அதை வயலுக்கு விட்டுவிடுங்கள். அது கூலி கேளாத வேலையாள். சிறுத்தையானால் ஆட்டையும் கன்றையும் இரவில் கூரையுள்ள பலமான கொட்டிலில் கட்டுங்கள். யால காட்டோரத்தில் மாட்டுப் பட்டிக்காரருக்கு இரும்புச் சட்டப் பட்டிகள் கொடுக்கப்பட்டுக் கன்றுகள் காப்பாற்றப்பட்டன. பின்னர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவசர அழைப்பு இலக்கம் 1992. நெருப்புப்பெட்டியோடு எடுத்த திகதியிட்ட படம் கையில் இருந்தால், "புலி வந்ததாம்" என்ற வாய்ப்பேச்சை விட அது கூடிய கவனம் பெறும்.

சுருக்குக் கம்பி பற்றி ஒரு சொல். மலைநாட்டில் நல்லதண்ணிப் பகுதியில் 2020 மே மாதம் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டியது. உயிரோடு மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோயிற்று. சுருக்குக்கு ஆள் தெரியாது. பன்றிக்குக் கட்டினாலும் யார் கழுத்தில் விழும் என்று கட்டியவருக்கே தெரியாது. அதோடு, சிறுத்தையும் மீன்பிடிப் பூனையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இரண்டு கோழிக்காக நீதிமன்றப் படி ஏறுவது இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய செலவல்ல.

படமும் காணியும்

இதை வாசிக்கும் சிலரின் மனதில் வேறொரு பயம் இருக்கும். "எங்கடை காணியிலே புலி நிற்குது என்று நாங்களே படம் காட்டினால், காடு என்று சொல்லிக் காணியை எடுத்துப் போடுவினமோ?" இப்பயம் காரணமில்லாததல்ல. வனவளத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் இட்ட எல்லைகள் குறித்து வன்னியில் பிணக்குகள் உள்ளன. ஆகவே படத்தை ஊர் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, நேரம், இடம், கண்ட விலங்கு, இழந்த கோழி அல்லது ஆடு, அந்நாளில் அக்காணியில் நின்ற பயிர் ஆகியவற்றை எழுதி, படத்தின் மூலப்பிரதியைச் சங்கத்தில் பாதுகாத்து, வெளியாருக்குப் பிரதி மட்டும் கொடுங்கள். அவ்வாறு எழுதிய கொப்பி, விலங்கு வந்ததற்கு மட்டுமன்றி, நாம் அங்கே உழுது விதைத்துக் குடியிருந்ததற்கும் சாட்சியாகும். உறுதியும் அடையாள அட்டையும் குடும்பப் படமும் தொலைத்து வந்த எமக்கு ஒரு திகதியிட்ட தாளின் பெறுமதியை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மக்களை விலக்காமலே விலங்கைக் காக்கலாம் என்பதற்கு எமது களப்பைப் போன்ற ஓரிடமே சான்று. இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் சில்கா என்ற பெருங்களப்பு உண்டு. இலட்சக்கணக்கான மீனவ மக்கள் அதனை நம்பி வாழ்கிறார்கள். அங்கே தானியங்கிக் கமராக்கள் வைத்து, கிராமத்தவரும் மீனவரும் பங்குகொண்டு மீன்பிடிப் பூனைகளைக் கணக்கிட்டபோது, 176 இருப்பதாக 2022இல் மதிப்பிடப்பட்டது. மனிதர் புழங்கும் நீரிலேயே அவையும் பிழைக்கின்றன.

முதல் மனிதனின் முன் விலங்குகள் கொண்டுவரப்பட்டபோது, அவன் ஒவ்வொன்றுக்கும் பெயர் இட்டான் என்று ஆதியாகமம் கூறுகிறது. பெயர் இடுவதற்கு நின்று பார்க்க வேண்டும். அடுத்தமுறை கூட்டடியில் இறகு சிதறிக் கிடந்தால், கம்பியை எடுக்க முன் ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு குனிந்து நிலத்தைப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். விரல் நான்கா, ஐந்தா என்று அவர்களே எண்ணட்டும்.